தோட்டத்துக் கோயிலும் நம்ம பிக்-அப்பும்

கெடாவில் ஆளில்லாத பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலைச் சுத்தம் பண்ண மாசாமாசம் பாலம் தாண்டிப் போறோம். அங்கே கரண்ட், தண்ணி கிடையாது. பிக்-அப் பின்னாடிதான் படுக்கை.

போன தடவை வண்டி பேட்டரியிலேயே ராத்திரி பூரா லைட் போட்டோம். விடியக்காலையில் எங்க பெரியவருக்கு நெஞ்சு அடைக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகலை! ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிற நாங்களே செஞ்ச தப்பு. கம்பத்து மலாய்க்காரர் ஒருத்தர் வந்து ஜம்பர் வயர் போட்டார். பெரியவர் இப்ப நலம், அம்மன் புண்ணியம்.

இப்போ 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி தனியா வச்சாச்சு. கணக்குக்கு 1,200 வாட்-மணி. லைட், ஃபேன் 40 வாட். 8 மணி நேரத்துக்கு 320தான். 100 லிட்டர் தண்ணி 100 கிலோ, கேபினை ஒட்டிக் கட்டியிருக்கோம்.

ஞாயிறு கிளம்புறோம். ரெண்டு பேருக்கு இடம் இருக்கு.