உறுமும் கார்களும் நம் ரப்பரும்

பழைய அமெரிக்கக் கார்கள் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். 1964-ஆம் ஆண்டு மாடலாக, நடுத்தரக் காரில் பெரிய காரின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி 'ஜி.டி.ஓ.' என விற்றது போண்டியாக். 325 குதிரைச் சக்தி! முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. பிறகு காப்புறுதிக் கட்டணமும் 1973 எண்ணெய் நெருக்கடியும் அந்த உறுமலை அடக்கின.

டிட்ராயிட் வட்டாரத்து உட்வர்ட் சாலையில் 1995-ல் தொடங்கிய கார் ஊர்வலம், சிறுவர்களுக்குப் பந்து மைதானம் அமைக்க நிதி திரட்டப் பிறந்தது. சாலையோரம் நாற்காலி போட்டு இலவசமாகப் பார்க்கலாம். நான் பார்ப்பது தொலைக்காட்சியில்தான்.

"பெட்ரோல் குடிக்கும் இரும்புக்கு இத்தனை மோகமா?" என்பாள் என் வீட்டுக்காரி. அக்காலத்தில் அமெரிக்கா நம் ரப்பரை ஏராளமாக வாங்கிய நாடு. என் அம்மா விடியலில் வெட்டிய பாலும் அந்தச் சக்கரங்களில் ஓடியிருக்கலாமே! காரைப் போற்றும் உலகம் அந்தக் கைகளை அறியாது. உங்கள் பிள்ளைகளுக்காவது நீங்கள் சொல்லுங்கள்.