திகனயில் நின்ற சைக்கிள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

கண்டிப் பக்கத்தில் சைக்கிளை யாரும் ஒரு வாகனமாக மதிப்பதில்லை. யாழ்ப்பாணத்திலோ காத்தான்குடியிலோ ஓர் ஆசிரியர் சைக்கிளில் பாடசாலைக்குப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கட்டுகஸ்தோட்டையில் போனால், "என்ன சேர், பைக் பழுதா?" என்று கேட்பார்கள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டு கிடந்தபோதுதான் நாங்கள் மூன்று ஆசிரியர்களும் பழைய கியர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து வாங்கினோம். பிறகு கியூஆர் வந்தது, வரிசை போனது. சைக்கிள் ஆசை மட்டும் போகவில்லை.

போன ஓகஸ்ட் விடுமுறையில் மஹியங்கனை வரை போய்ப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். 70 கிலோமீற்றருக்கு மேல் வரும். தூரத்தைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கவில்லை. எங்களில் ஒருவரின் உம்மா மட்டும், "திகனப் பக்கத்தாலயா மகன் போற?" என்று கேட்டார். "ஓம் உம்மா" என்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் கேள்விக்குக் காரணம் இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2018 மார்ச். தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மரணமானார். தாக்கியதாகக் கைதானவர்கள் நம்மவர்கள். அதன் பிறகு திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் மௌத்தானார். கலவரம் அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வரை வந்தது. அவசரகால நிலை வந்தது, முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அன்றிலிருந்து எத்தனையோ தடவை திகனயால் போயிருக்கிறோம். எல்லாம் வேனில், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. ஒரு தடவையாவது இறங்கி ஒரு பிளேன்டீ குடித்ததில்லை.

சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். போல்கொல்லை அணைக்கட்டருகே இன்னும் பனி. இங்கேதான் மகாவலியின் ஒரு பங்கு தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்த 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவெலைக்கு அனுப்புகிறார்கள். 1976இல் முடிந்த வேலை. மிச்சத் தண்ணீர் நாங்கள் போகும் திசையில்தான் போகிறது. மடவளை தாண்டி மஹியங்கனை வீதியைப் பிடித்தோம்.

ஏற்றத்தில் சைக்கிள் மிதிக்கும்போது ஒன்று விளங்கும். வேகம் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர்தான். நடையை விடக் கொஞ்சம் கூட. வீதியோரம் இருக்கும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத்தான் போக வேண்டும். அவர்களும் நம்மைப் பார்ப்பார்கள்.

திகனயை நிற்காமல் கடந்துவிட வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் மூவரும் அங்கே வந்ததும் வேகமாக மிதித்தோம். அல்லாஹ்வின் நாட்டம், சந்திக்குக் கிட்ட பின் சில்லில் காற்றுப் போனது. மாற்று டியூப் கொண்டு வந்திருந்தோம். அளவு பிழை!

எதிரே ஒரு சிறிய டயர் கடை. அறுபது வயது மதிக்கத்தக்க சிங்களவர். "மல்லிலா கொஹேத யன்னே?" எங்கே போகிறீர்கள் தம்பிமாரே என்று கேட்டார். "மஹியங்கனைக்கு" என்றதும் சைக்கிளைப் பார்த்துச் சிரித்தார். டியூபைக் கழற்றித் தண்ணீர்ப் பேசினில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தைத் தேய்த்து ஒட்டினார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னோம். எங்களில் ஒருவரின் தாடியை ஒரு கணம் பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

பிறகு அவராகவே சொன்னார்: "அந்தக் காலத்தில் ஒரு கிழமை கடையைத் திறக்கவில்லை." எந்தக் காலம் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. 'அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள்?' என்ற கேள்வி எங்கள் மூவரின் நாக்கிலும் இருந்தது. அதே கேள்வி அவரிடமும் இருந்திருக்கலாம். காற்றடித்துத் தந்தார். 200 ரூபாய் கேட்டார், கொடுத்தோம். இலவசமாகச் செய்து தந்தார் என்று எழுதினால் இந்தப் பதிவு இன்னும் அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. நியாயமான விலை, நல்ல வேலை. அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

தெல்தெனியவில் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிந்தது. 122 மீற்றர் உயர அணை, 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. அதன் பிறகு ஹுன்னஸ்கிரிய வரை ஏற்றமோ ஏற்றம். பல இடங்களில் இறங்கித் தள்ளினோம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தள்ளும்போது தவளக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கண்டி ராஜ்ஜியத்தில் நம் முன்னோர்கள் பொதி மாடுகளை ஓட்டிக்கொண்டு, கிழக்குக் கரையிலிருந்து மஹியங்கனைப் பக்கத்தால் மலைக்கு உப்பும் கருவாடும் கொண்டு வந்தார்கள். திரும்பும்போது பாக்கு கொண்டு போனார்கள். மாட்டின் வேகமும் எங்கள் ஏற்ற வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த வேகத்தில் போகிறவன் வழியில் இருப்பவர்களை நம்பாமல் ஊர் போய்ச் சேர முடியாது. மாட்டுக்குத் தண்ணீர், இரவுக்கு ஒரு திண்ணை, எல்லாம் சிங்களக் கிராமங்களில்தான் கிடைத்திருக்கும். நிற்பதுதான் அவர்களுடைய பிழைப்பு. நிற்காமல் போகப் பழகியவர்கள் நாங்கள்.

பதினெட்டு வளைவில் இறங்குவது ஏறுவதை விடப் பயம். இப்போது வீதியைத் திருத்தி ஒரு வளைவு குறைந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடித்து, சில வளைவுகளில் நின்று ஆறவிட்டு இறங்கினோம். புதிதாக ஒட்டிய இடம் தாங்குமா என்று ஒவ்வொரு வளைவிலும் யோசனை. தாங்கியது.

ஹசலக்கையில் வெயில் முகத்தில் அடித்தது. அஸர் நேரத்தில் மஹியங்கனைப் பாலத்தில் நின்றோம், அல்ஹம்துலில்லாஹ். கீழே போவது மகாவலி. காலையில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே ஓடிய அதே கங்கை.

வீட்டுக்குப் போன் எடுத்தோம். "திகனயில நிண்டீங்களா?" என்று அந்த உம்மா கேட்டார். "நிண்டோம் உம்மா, டியூப் ஒட்டினோம்." "யார் ஒட்டின?" "ஒரு மனிசன்."

எட்டு வருடப் பிரச்சினை ஒரு டியூபோடு ஒட்டிவிடாது, தெரியும். ஆனால் இன்ஷா அல்லாஹ், அடுத்த தடவை காற்றுப் போகாவிட்டாலும் திகனயில் நிற்போம். பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையும் இருந்தது.