பள்ளத்தில் ஒரு காவல்

அக்டோபர் 3

2009-இல் இதே நாள், காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு அமெரிக்க ராணுவத்தின் கீட்டிங் முகாம் தாக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானின் நூரிஸ்தான் மாகாணம், கம்தேஷ் வட்டாரம். பாகிஸ்தான் எல்லை அங்கிருந்து அதிக தூரமில்லை. முகாமில் ஐம்பது சொச்சம் அமெரிக்க வீரர்கள், லாட்வியப் பயிற்சியாளர்கள் இருவர், அவர்களோடு ஆப்கன் ராணுவத்தினர். சுற்றியிருந்த மலைகளில் ஏறக்குறைய 300 கிளர்ச்சிப் படையினர். எட்டு அமெரிக்கர்கள் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அன்றைய சண்டையைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் முதலில் வீரம்தான் கண்ணில் படும். எனக்கோ அதற்கு முன் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: அந்த இடத்தில் போய் முகாமை அமைத்தது ஏன்?

அக்டோபர் 4

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு ஆறுகள் கூடும் இடம். அதன் கரையில், பள்ளத்தாக்கின் அடியில் முகாம். மூன்று பக்கமும் செங்குத்தாக எழும் மலைகள். மேலே இருப்பவனுக்கு உள்ளே நடமாடும் ஒவ்வொருவரும் தெரிவார்கள். கீழே இருப்பவனுக்குப் பாறையும் மரமும்தான் தெரியும்.

வள்ளுவர் அரணுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்து, நீரையும் மலையையும் அரணின் உறுப்புகளாகச் சொன்னார். கீட்டிங்கில் இரண்டும் இருந்தன. மலை எதிரிக்கு அரணாயிற்று. ஆறு உள்ளே இருந்தவர்களின் வழியை அடைத்தது.

2006-இல் முகாமை அங்கே அமைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஊர் மக்களோடு நெருங்கிப் பழக வேண்டும், பள்ளி, பாலம், சாலை என்று பணிகள் நடக்க வேண்டும், எல்லை தாண்டி வரும் ஆயுதங்களைத் தடுக்க வேண்டும். ஹெலிகாப்டர்கள் போதாததால் சாலையை ஒட்டியே முகாம் இருக்கட்டும் என்றார்கள். ஆற்றோரம் மலையைக் குடைந்து போட்ட அந்த ஒற்றைத் தடம் கனரக வண்டியைத் தாங்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அதில் லாரி ஓட்டிச் சென்ற லெப்டினன்ட் பெஞ்சமின் கீட்டிங், வண்டி சரிந்து விழுந்து இறந்தார். அவர் பெயரையே முகாமுக்கு வைத்தார்கள். எந்தச் சாலையை நம்பி முகாம் வந்ததோ அது கைவிட்டது. முகாம் மட்டும் அங்கேயே நின்றது.

அக்டோபர் 5

தாக்குதலுக்கு முன்பே அருகிலிருந்த ஊர்முல் கிராமத்தாரை வெளியேறச் சொல்லிவிட்டார்கள் தாக்க வந்தவர்கள். அந்த வீடுகளிலிருந்தும் மசூதியிலிருந்தும்கூடச் சுட்டார்கள். முகாமின் மோர்ட்டார் குழி முதலிலேயே முடக்கப்பட்டது. மலைமேல் துணைக்கு இருந்த ஃப்ரிட்ஷே காவல் நிலையும் அதே நேரத்தில் தாக்கப்பட்டதால் அங்கிருந்து உதவி கிடைக்கவில்லை. தாக்கியவர்கள் வேலியைத் தாண்டி உள்ளே நுழைந்தார்கள். கட்டடங்கள் பற்றி எரிந்தன. அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

சார்ஜென்ட் கிளின்டன் ரொமேஷா ஒரு சிறு குழுவைத் திரட்டிக்கொண்டு போய், பறிபோன ஆயுதக் கிடங்கையும் வாயிலையும் மீட்டார். இன்னொரு வீரரான டை கார்ட்டர் நூறு மீட்டர் வெட்டவெளியைக் குண்டு மழைக்கிடையே இரண்டு முறை கடந்து தோட்டா கொண்டுவந்தார். பிறகு, அடிபட்டுக் கிடந்த தோழர் ஒருவரிடம் ஓடி, ரத்தப் பெருக்கைக் கட்டி நிறுத்தி, தூக்கி வந்தார். சிகிச்சை அறையில் சேமித்த ரத்தம் இல்லை. சண்டை ஓயாத நிலையிலேயே சக வீரர்கள் கை நீட்டி ரத்தம் கொடுக்க, அது அப்படியே சூட்டோடு அந்தத் தோழரின் உடலில் ஏற்றப்பட்டது. இருட்டிய பிறகு ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். அறுவை சிகிச்சையில் அவர் உயிர் பிரிந்தது. 21 வயது. அந்த அறையைத் தாண்டி என்னால் வெகுநேரம் படிக்க முடியவில்லை.

அக்டோபர் 6

சண்டை முடிந்த சில நாட்களிலேயே முகாமைக் காலி செய்தார்கள். எஞ்சியதை அமெரிக்க விமானமே குண்டு போட்டு அழித்தது.

மூடுவதென்று முன்பே முடிவாகியிருந்தது. அந்தக் கோடையில் பர்கே மதால் என்ற இடத்தில் தொடங்கிய நடவடிக்கைக்கு ஹெலிகாப்டர்கள் போனதால் தேதி தள்ளிப்போனது. எப்படியும் மூடப்போகிறோம் என்று காவலையும் பலப்படுத்தவில்லை. ஐந்து மாதங்களில் ஐம்பது தாக்குதல்கள் வரை நடந்திருந்தன. பெருந்தாக்குதல் வரும் என்ற எச்சரிக்கை பலமுறை பொய்த்ததில் உளவுத் தகவலுக்கும் மதிப்புக் குறைந்தது. இவற்றை ராணுவத்தின் விசாரணையே ஒப்புக்கொண்டது. 2008 ஜூலையில் வானாட் என்ற இடத்தில் இதேபோன்ற தாக்குதலில் ஒன்பது அமெரிக்கர்கள் இறந்திருந்தார்கள். அந்தப் பாடம் ஓராண்டுக்கு மேலாகக் கண்முன் இருந்தது.

2013-இல் ரொமேஷாவுக்கும் கார்ட்டருக்கும் நாட்டின் உயரிய ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. காக்க முடியாத இடத்தைக் காக்கச் சொல்லி இவர்களை அனுப்பினோம் என்று ரொமேஷாவின் விருது விழாவில் அதிபர் ஒபாமா வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. அது போதாது என்றும் படுகிறது. அங்கே மடிந்த ஆப்கன் சிப்பாய்களும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஊர்முல் குடும்பங்களும் எந்த விழாவிலும் இல்லை.

படை எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் சரி. தவறு என்று தெரிந்த முடிவைத் திருத்தத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் களத்தில் நிற்பவன் விலை கொடுக்கிறான். அவன் துணிச்சலைப் போற்றுவோம். அவனை அங்கே நிறுத்தியது யார், ஏன் என்று விடாமல் கேட்பதும் அவனுக்குச் செய்யும் மரியாதைதான்.