அடித்துவிட்ட ஒரு வரி

திருவிருந்துக்குப் பின் வரும் மன்றாட்டு முடிந்ததும் மக்கள் அமர்கிறார்கள். பங்குத் தந்தை அறிவிப்புத் தாளைக் கையில் எடுக்கிறார். குருத்துவ வாழ்வின் இருபத்தாறு ஆண்டுகளில் அந்தத் தாளை நாம் எத்தனை முறை வாசித்திருப்போம்! திருமண ஓலை, அன்பியக் கூட்டம், வின்சென்ட் தே பவுல் சபையின் அரிசி வழங்கல், மறைக்கல்வித் தேர்வு, திருவிழாவுக்கான தலைக்கட்டு வரி. நாம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் சிலர் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அறிவிப்பு என்பது வழிபாட்டின் வால் என்றே நாமும் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது நம் திருச்சபையைச் சேராத ஓர் ஆலயத்தின் கதவில் ஒட்டியிருந்த தாள்.

2019ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பங்கில் நோயுற்றிருந்த குருவுக்கு மாற்றாக நான்கு மாதங்கள் பணியாற்ற நேர்ந்தது. நம் ஆலயத்துக்கு எதிர்த் தெருவில் பிரெஸ்பிட்டேரியன் சபையாரின் ஆலயம் இருந்தது. மாலை நடையின்போது அதன் கதவருகே நிற்பது வழக்கமாயிற்று. வருகின்ற ஆறு வாரங்களுக்கான நிகழ்ச்சிகள் அங்கே ஒரே தாளில் மூன்று பத்திகளாக எழுதப்பட்டிருந்தன: கற்றல், சேவை, நீதி.

கற்றல் என்னும் பத்தியில், ஞாயிறு வழிபாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு பெரியவர்களுக்கான வகுப்பு. பாடம், பெல்ஹார் விசுவாச அறிக்கை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், 1982இல் வரைவு செய்யப்பட்டு 1986இல் அங்குள்ள சீர்திருத்த சபையொன்றினால் ஏற்கப்பட்ட அறிக்கை அது. நிறத்தின் பெயரால் திருச்சபையைப் பிரிப்பது நற்செய்திக்கு முரண் என்பது அதன் சாரம். அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபை 2016இல் அதைத் தன் விசுவாச நூலில் சேர்த்துக்கொண்டது. சேவை என்னும் பத்தியில், செவ்வாய்தோறும் உணவுப் பொருள் வழங்கல். அக்டோபரில் பசி ஒழிப்பு நடைப்பயணம். அந்த நடையில் திரளும் பணத்தில் கால் பங்கு அந்தந்த ஊரின் பசிக்கே திரும்பி வருகிறது என்று அறிந்தோம். மூன்றாம் பத்தியில், வீட்டு வாடகை பற்றி மாநிலச் சட்டமன்றத்துக்குக் கடிதம் எழுதும் மாலை. எல்லைப் பாலைவனத்தில் வழிதவறுவோருக்குத் தண்ணீர் வைக்கும் குழுவினரோடு ஒரு நாள்.

முதலிரண்டு பத்திகள் நமக்கு வியப்பளிக்கவில்லை. அவை நம்மிடமும் உண்டு. மூன்றாவது பத்தியும் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கொரு முறை, ஆகஸ்டு மாதத்தில், நீதி ஞாயிறு என்று வருகிறது. மறுவாரம் போய்விடுகிறது.

அந்தச் சபையின் மூப்பர்களுள் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு மாலை நம்மை உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார். மூப்பர் என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிரெஸ்பிட்டேரியன் என்ற பெயர் வந்தது. மக்களே தங்கள் மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குருமடத்தில் கால்வினின் திருச்சபையியலை நாம் தேர்வுக்காகப் படித்ததுண்டு. மறுப்பதற்கு எளிதாக ஐந்து குறைகளை மனப்பாடம் செய்ததும் உண்டு. ஒரு மூப்பரின் கையால் காப்பி அருந்துவது அதுவே முதல் முறை. "இந்தத் தாளை எழுதுவது உங்கள் ஆயரா?" என்று கேட்டோம். "இல்லை, ஃபாதர். மூப்பர் அவை முடிவு செய்கிறது. ஆயர் அதற்குத் தலைமை தாங்குகிறார். முதல் பத்தியில் படிப்பதற்கு மூன்றாம் பத்தியில் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது எங்கள் பழக்கம்" என்றார்.

அவர்களைத் தேவதூதர்களாக்க நாம் விரும்பவில்லை. உணவுப் பொருள் வழங்க இருபது பேர் வருவார்கள், கடிதம் எழுத நான்கு பேர்தான் வருவார்கள் என்று அந்த அம்மையாரே ஒப்புக்கொண்டார். ஆலயத்தில் நரைத்த தலைகளே மிகுதி. 1983இல் முப்பது லட்சத்துக்கும் மேல் உறுப்பினரைக் கொண்டிருந்த சபை, 2019இல் ஏறத்தாழப் பதின்மூன்று லட்சமாகச் சுருங்கிவிட்டது. நீதி பேசியதால்தான் சுருங்கியது என்பாரும் உளர், போதிய அளவு பேசாததால் என்பாரும் உளர். இரண்டும் எளிய விளக்கங்கள் என்றே நமக்குப் படுகிறது.

மூன்றாம் பத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, அவர் அதே மாநிலத்தின் டூசான் நகரத்துச் சவுத்சைடு பிரெஸ்பிட்டேரியன் ஆலயத்தின் கதையைச் சொன்னார். எல் சால்வதோர் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, மக்கள் உயிர்தப்பி வடக்கே ஓடிவந்த காலம். அமெரிக்க அரசு அவர்களுள் மிகச் சிலருக்கே அடைக்கலம் தந்தது. பிறரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆயர் ஜான் ஃபைஃபும் சபையாரும் கூடிப் பேசி, மன்றாடி, வாக்கெடுத்து, 1982 மார்ச் 24 அன்று தங்கள் ஆலயத்தை அடைக்கல இல்லமாக வெளிப்படையாக அறிவித்தார்கள். அந்த நாளைக் கேட்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். 1980இல் அதே மார்ச் 24 அன்றுதான் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது 2018இல். அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிரெஸ்பிட்டேரியன் ஆலயம் அவருடைய நினைவு நாளைத் தன் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தது!

அடுத்து நடந்ததுதான் நம்மை உறங்கவிடாத செய்தி. அரசு உளவாளிகளை அனுப்பியது. அவர்கள் உடைக்குள் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு ஆலயக் கூட்டங்களிலும் விவிலிய வகுப்புகளிலும் சபையாரோடு சபையாராக அமர்ந்திருந்தார்கள். 1985இல் வழக்குத் தொடரப்பட்டது. விசாரிக்கப்பட்ட பதினொருவருள் எட்டுப் பேர் குற்றவாளிகள் என 1986 மே மாதத்தில் தீர்ப்பாயிற்று. அந்த எண்மருள் ஃபைஃபோடு இரண்டு கத்தோலிக்கக் குருக்களும் ஓர் அருட்சகோதரியும் இருந்தனர். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். 1991இல் வேறொரு வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டால் எல் சால்வதோர், குவாத்தமாலா மக்களின் அடைக்கல மனுக்கள் மீண்டும் விசாரிக்கப்பட வழி பிறந்தது. 1992இல் பிரெஸ்பிட்டேரியன் சபை தன் பொதுப் பேரவைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது யாரை? தண்டிக்கப்பட்ட அதே ஜான் ஃபைஃபை.

விவிலிய வகுப்புக்கு ஓர் அரசு ஒற்றனை அனுப்புகிறது என்றால், அங்கே படிப்பது வெளியே நடந்துவிடும் என்று அது அஞ்சுகிறது என்பதே பொருள். நாம் நடத்திய விவிலிய வகுப்புகளை எண்ணிப் பார்த்தோம். எந்த அரசும் அவற்றுக்காக ஓர் ஒற்றனின் பயணப்படியைச் செலவிட்டிருக்காது.

பிரெஸ்பிட்டேரிய மரபு தமிழ்நாட்டுக்கும் அந்நியமன்று. 1908இல் உருவான ஒன்றிப்பின் வழியே 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் அது கலந்தது. அதற்கும் முன்பே, செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்துப் போதகர் ஆடம் ஆண்ட்ரூ, தலித் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசிடம் வாதாடினார். ஆட்சியர் டிரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையும், அடுத்த ஆண்டின் அரசாணையும், பஞ்சமி நிலங்களும் அந்தக் காலத்துச் செய்திகள். பள்ளியும் மருந்தும் மட்டும் கொடுத்து அமைந்திருந்தால் அப்போதகரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

இனி நம் கதை. 2008ஆம் ஆண்டு, வேறொரு பங்கு. மாலைதோறும் இளையோருக்கு ஆமோஸ் இறைவாக்கினரைக் கற்பித்து வந்தோம். நன்றாகவே கற்பித்தோம் என்று அப்போது பெருமையும் இருந்தது. ஆறு வாரம் சென்றபின், ஒரு பெண் அறிவிப்புக்கென ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊரின் தூய்மைப் பணியாளர்களுக்கு ஒப்பந்தக்காரர் மூன்று மாதக் கூலி பாக்கி வைத்திருக்கிறார். அதுபற்றிப் பேச வியாழன் மாலை பங்கு மன்றத்தில் கூட்டம். ஒரே வரி. சனி இரவு பங்குப் பேரவையின் முக்கியமானவர் ஒருவர் வந்தார். ஒப்பந்தக்காரர் தம் உறவினர் என்றார். மணிக்கூண்டுக்கு அவர் தருவதாகச் சொன்ன தொகையையும் நினைவூட்டினார். கோயிலுக்குள் இது எதற்கு சாமி என்று மென்மையாகவே கேட்டார். அவர் போனபின் நாம் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தோம்.

மறுநாள் மற்ற அறிவிப்புகளை வாசித்தோம். அந்தப் பெண் தூணருகே கடைசி வரை நின்றிருந்தாள். காரணம் கேட்டு வரவில்லை. அடுத்த வாரம் ஆமோஸ் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. மணிக்கூண்டு எழும்பியது. இன்றும் நன்றாகவே மணி காட்டுகிறது.

இதை அந்த மூப்பர் அம்மையாரிடம் சொன்னோம். ஏன் சொன்னோம் என்று தெரியவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தை அவர்கள் சபை ஏற்பதில்லை என்பதை நாம் அறிவோம். அவர் ஆறுதல் எதுவும் கூறவில்லை. "அந்தப் பெண்ணுக்கு எழுதினீர்களா?" என்று மட்டும் கேட்டார். ஊர் திரும்பியதும் எழுதினோம். பதில் வரவில்லை.

இப்போதுள்ள பங்கில் வருகிற தவக்காலத்துக்கான தாளை மூன்று பத்திகளாகவே எழுதியிருக்கிறோம். முதல் பத்தி, செவ்வாய் மாலைகளில் மீண்டும் ஆமோஸ். இரண்டாவது, காசநோயாளர் குடும்பங்களுக்கு உணவுப் பொருள். மூன்றாவது பத்தியைப் பேரவையில் வைத்தபோது நெடுநேரம் பேச்சு நடந்தது. இருவர் இடையிலேயே எழுந்து போனார்கள். கடந்த ஞாயிறு வாசித்தோம்: தூய்மைப் பணியாளரின் கூலியும் வைப்பு நிதியும் குறித்து ஒரு தொழிலாளர் வழக்கறிஞர் விளக்குவார், வெள்ளி மாலை ஆறரை மணி, பங்கு மன்றம். பின்வரிசையில் வழக்கம்போல் செருப்பைத் தேடினார்கள்.

திருவுடைகளைக் களைந்து வெளியே வந்தபோது ஓர் அம்மாள் திண்ணையோரம் நின்றிருந்தார். கோயிலுக்குள் வந்து பழக்கமில்லாதவர் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. "வேலை முடியவே ஆறு ஆயிடும் சாமி. யூனிஃபார்மோடயே வரலாமா?" என்று கேட்டார்.

வரலாம் என்றோம். மன்றத்தின் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று அடுத்துக் கேட்டார். அவரை அழைத்துச் சென்று காட்டினோம்.