மண்ணறிந்த மரங்கள்

தில்லியை அடுத்த குருகிராம் நகரின் எல்லையில் ஆரவல்லி மலைத்தொடரின் ஒரு பகுதி தாழ்ந்த குன்றுகளாக நிற்கிறது. குசராத்து முதல் தில்லி வரை நீளும் ஆரவல்லி, உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களுள் ஒன்று. ஆயினும் அப்பழமை அதனைக் காக்கவில்லை. கட்டடக் கற்களுக்காகக் குன்றுகள் பல்லாண்டு தோண்டப்பட்டன. சுரங்கப் பணி நின்றபின் எஞ்சியவை பள்ளங்களும் அவற்றைச் சூழ்ந்த முள்மரங்களுமே.

அம்முள்மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. வறண்ட நிலத்திலும் விரைந்து வளரும், விறகுக்கும் உதவும் என்று எண்ணி அதனை வளர்த்தனர். வடநாட்டார் அதனை ‘விலாயதி கீகர்’ என்பர். தமிழர் ‘சீமைக்கருவேலம்’ என்பர். ‘விலாயதி’, ‘சீமை’ என்னும் இரு சொற்களும் ‘வெளிநாட்டிலிருந்து வந்தது’ என்னும் பொருளையே தருகின்றன. இராமநாதபுரத்துக் கண்மாய்களில் மண்டிக் கிடப்பதும் இதே மரமே.

வெளியிலிருந்து வந்தவை யாவும் தீயவை அல்ல. தமிழர் சமையலில் நீங்கா இடம்பெற்ற மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அதனால் எந்தச் செடியும் அழியவில்லை. சீமைக்கருவேலமோ தான் பரவிய இடத்தில் பிற செடிகளைத் தழைக்க விடுவதில்லை. ஆகவே, அதன் குறை பிறப்பிடத்தில் இல்லை. பிறவற்றுக்கு இடம் தராத இயல்பில் உள்ளது.

‘ஐ ஆம் குர்கான்’ என்னும் குடிமக்கள் அமைப்பு, மாநகராட்சியுடன் இணைந்து 2010ஆம் ஆண்டில் இந்நிலத்தை மீட்க முற்பட்டது. சூழலியல் அறிந்த விசய் தசுமானா வழிகாட்டினார். ஏறத்தாழ 390 ஏக்கர் நிலம். ஆனால் நடுவதற்குக் கன்றுகள் இல்லை. விற்பனைக்கு இருந்தவை பெரும்பாலும் அழகுச் செடிகளே. எனவே எஞ்சியிருந்த ஆரவல்லிக் காடுகளில் விதைகளைத் திரட்டித் தாமே நாற்றங்கால் அமைத்தனர். பாறைச் சரிவைப் பற்றி வளரும் ‘தவ்’ மரமும், நறுமணப் பிசின் தரும் ‘சலாய்’ மரமும், செந்நிறப் பூக்கள் பூக்கும் புரசும் தத்தமக்கு ஏற்ற இடங்களில் நடப்பட்டன. பள்ளி மாணவரும் தன்னார்வலரும் குழி தோண்டினர், கன்று நட்டனர்.

விரைந்து வளரும் மரத்தை வளர்ப்பது எளிது. மெல்ல வளரும் காட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். இடையே அக்காட்டின் ஊடாக நெடுஞ்சாலை அமைக்கும் திட்டம் எழுந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தனர். தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்கு வெளியேயும் பல்லுயிர் காக்கப்படும் இடம் என்னும் தகுதியை, இந்தியாவிலேயே முதன்முதலாக இந்த ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்கா 2022ஆம் ஆண்டில் பெற்றது.

குருகிராமில் வாழ்வோரில் பலர் வேற்றூரிலிருந்து வந்தவர்களே. குன்றுகளில் வளர வேண்டிய மரம் எது, விலக்க வேண்டியது எது என்பதை அவர்கள் கேட்டும் கண்டும் கற்றனர். வட இந்தியாவில் ஓலிப் பண்டிகைக்கு வண்ணம் தரும் ‘டேசு’ப் பூ, புரசு மரத்தின் பூவே. சென்னையின் புரசைவாக்கம் அம்மரத்தால் பெயர் பெற்றது என்பர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் பலாசம் என வருவதும் அதுவே. வாழும் ஊரின் மரங்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்றவர், அவ்வூருக்கு அயலார் ஆகார்.

பயிற்சி
1. சீமைக்கருவேலத்தின் குறை எதில் உள்ளது?
2. கன்றுகள் கிடைக்காதபோது அமைப்பினர் யாது செய்தனர்?
3. நீங்கள் வாழும் ஊரின் மரம் ஒன்றை, அவ்வூர்ப் பெயரும் தமிழ்ப் பெயரும் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.