அம்மாவின் தழும்புகள்

செல்போனில் பட்டனை ஒருமுறைதான் தொடுகிறோம். அதற்குள் அது பல படங்களை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, கணக்குப் போட்டு ஒரே படமாகத் தந்துவிடுகிறது. இதற்கு ‘கம்ப்யூடேஷனல் போட்டோகிராபி’ என்று பெயர். 2005-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இதற்கென்று ஒரு கருத்தரங்கு நடந்தது. 2009-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் சர்வதேச மாநாடு. அப்படியே தனி ஆய்வுத் துறையாக வளர்ந்துவிட்டது. எங்கள் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே, ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் இந்த ஆய்வு நடக்கிறது. கும்மிருட்டில் எடுத்த படத்தையும் வேகமாகத் தெளிவாக்கும் ஒரு முறையைப் பேராசிரியர் கௌஷிக் மித்ரா குழுவினர் 2021-ல் வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம், அம்மாவின் படம்.

அம்மா காலமானதும், 16-ம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் தேவைப்பட்டது. தம்பி தன் போனில் இருந்த ஒன்றைப் பெரிதாக்கி, பிரேம் போட்டுக் கொண்டுவந்தான். “என்ன லட்சணம்!” என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்பா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இது யாருடா?”

அம்மாவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை போட்டு, கன்னமெல்லாம் தழும்பு. அதைப் பார்த்துவிட்டு நாலு வரன் தட்டிப்போனதாம். ஐந்தாவதாகப் பெண் பார்க்க வந்தவர்தான் அப்பா. அந்தத் தழும்புகளை போன் தானாகவே வழித்துத் துடைத்து, வேறு யாரோ ஒரு பெண்மணியை எங்களுக்குக் கொடுத்திருந்தது.

எல்லாருடைய போனையும் துழாவினோம். என் போனில் ஒரு படம் கிடைத்தது. கரண்ட் போன இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அம்மா பூ கட்டிக்கொண்டிருக்கிறாள். ‘நைட் மோடு’ படம். அதுவும் கணக்குப் போட்டு வந்ததுதான். ஆனால், அந்தக் கணக்கு வேறு. ஒவ்வொரு படத்திலும் விழுந்த கொஞ்சநஞ்ச வெளிச்சத்தைக் கூட்டி, இருட்டில் தோன்றும் புள்ளிகளைக் குறைத்து, அங்கே இருந்ததை எடுத்துக் காட்டியது. தழும்புகள் ஒன்றுவிடாமல் தெரிந்தன.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவதான்” என்றார்.

ஒரு கணக்கு, இருந்ததைத் திரட்டித் தருகிறது. இன்னொன்று, இருந்ததை அழிக்கிறது. இரண்டும் ஒரே போனுக்குள்தான் இருக்கின்றன. எது வேலை செய்கிறது என்பது படம் எடுக்கும்போது நமக்குத் தெரிவதில்லை.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா? இன்றைக்கே கேமராவில் ‘பியூட்டி’ செட்டிங்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துவையுங்கள். சுருக்கம், மச்சம், தழும்பு எல்லாம் இருக்கட்டும். பின்னால் நாம் தேடப்போவது அவற்றைத்தான்.