காட்டுக்குள் கோயில் கொண்ட சொரிமுத்து ஐயனார்

பாபநாசத்தில் தாமிரபரணியில் நீராடி, உலகம்மை உடனுறை பாபநாசநாதரைத் தொழுதபின் மலைச்சாலையில் ஏறினால், வனத்துறையின் சோதனைச்சாவடி நம்மை நிறுத்துகிறது. ஆடி அமாவாசைக்குச் சில நாள் முன்னதாக நானும் என் மனைவியும் சென்றபோது, எங்கள் பையிலிருந்த பிளாஸ்டிக் பைகளையும் விளக்கெண்ணெய்ப் புட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டனர். "குலதெய்வத்தைக் கும்பிடப் போவதற்கும் சோதனையா?" என்று அவர் மனம் வருந்தினார். எனக்கும் வருத்தமே.

காரையாற்றில், நதிக்கரையில், பெருமரங்களின் நிழலில் சொரிமுத்து ஐயனார் எழுந்தருளியிருக்கிறார். மகாலிங்கர், சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், பிரம்மராட்சசி எனப் பரிவார தெய்வங்கள் பல. பொம்மக்கா, திம்மக்காவுடன் விளங்கும் பட்டவராயருக்குச் செருப்பே காணிக்கை. கட்டித் தொங்கவிட்ட புதுச் செருப்புகள் நாளடைவில் தேய்ந்து காணப்படும் என்றும், பட்டவராயரே அவற்றை அணிந்து காவல் சுற்றுகிறார் என்றும் அடியார்கள் நம்புகின்றனர்.

இக்காட்டில் வேறு காவலும் உண்டு. முண்டந்துறை 1962-இல் புலிகள் சரணாலயமாயிற்று. 1976-இல் களக்காடு சரணாலயமாயிற்று. 1988-இல் இரண்டும் இணைந்து தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் ஆயின. கோயிலோ அதற்கெல்லாம் மூத்தது. சிங்கம்பட்டி ஜமீன்தார் அரச உடையில் வந்தமர்ந்து காட்சியளித்த ஆடி அமாவாசைத் திருவிழாவை நம்மில் பலர் கண்டிருப்போம். முன்பெல்லாம் குடும்பங்கள் குடில் அமைத்து நாள்கணக்கில் தங்கிப் பொங்கலிட்டன. இன்று தங்கும் நாள்களுக்கும் வரும் வண்டிகளுக்கும் கட்டுப்பாடு. பரம்பரை உரிமை பறிபோகிறது என்று ஊரார் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. என் தந்தையாருக்குத் தர்ப்பணம் செய்த ஆண்டில், உடுத்தியிருந்த வேட்டியை இந்த ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்தவன் நான். அதே நீரைத்தான் மான்களும் யானைகளும் குடிக்கின்றன. கீழே நெல்லைச் சீமையே குடிக்கிறது.

இறங்கும் வழியில் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் மோர் வாங்கிக் குடித்தோம். கொடுத்த மூதாட்டி ஒரு காலத்தில் விறகு வெட்டிச் சுமந்து விற்றவர். "காட்டுக்குள்ள போனா யானைக்குப் பயம், வெளிய வந்தா கார்டுக்குப் பயம்யா" என்றார். 1995 முதல் உலக வங்கி உதவியுடன் இங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடைபெற்றது. கிராம வனக்குழுக்கள் அமைத்து, காட்டை நம்பிப் பிழைத்தவர்களுக்குச் சுழல்நிதியிலிருந்து சிறுகடன் அளித்தார்கள். விறகைக் குறைக்கும் அடுப்பு, சாண எரிவாயு போன்றவையும் வந்தன. மூதாட்டி அக்கடனில் ஒரு பசு வாங்கினாராம். "தவணை தப்பினதில்லை. தப்பினா அடுத்தவளுக்குப் பணம் கிடைக்காதே" என்றார். ஈடு இல்லாதவர்க்குக் கடன் எழுத எத்தனையோ முறை தயங்கிய என் பேனாவை அப்போது நினைத்துக்கொண்டேன். இன்றும் அவர் வயலைக் காட்டுப்பன்றி கிளறுகிறது. அதற்கு இழப்பீடு கேட்டு மனு எழுதித் தரும்படி வேண்டினார். திண்ணையில் அமர்ந்து எழுதிக் கொடுத்தேன்.

சோதனைச்சாவடியில் எண்ணெய்ப் புட்டியைத் திருப்பித் தந்திருந்தனர். அதைப் பையில் வைத்தபடி என் மனைவி சொன்னார்: "அடுத்த முறை எவர்சில்வர் தூக்கில் கொண்டு வந்துவிடலாம்."